லயத்துக் கொல்லைப்புறம்

(தோட்டக் கிளையின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் போனசும் பேசிப் பழகிய மேடையில் முருங்கைக் கீரையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கலாம். ஆனால் சம்பள நாளுக்கு முந்திய பத்து நாளும் நம் அடுப்பில் கொதித்தது என்ன என்பதை நினைத்துவிட்டுச் சிரியுங்கள்.

லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். வேலிக்கு முருங்கைக் கொம்பு, குழாயடியில் வாழை, ஈர வாய்க்காலில் வல்லாரை, மூலையில் ஒரு பலா. விடியுமுன் பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பாலை நிறுத்துவிட்டு வந்த பிறகு நாம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை அவை.

பலாவில் விழுந்த பிஞ்சை யாரும் எறிந்ததில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு முள்தோலைச் சீவி, மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, மிளகும் சோம்பும் அரைத்த மசாலையில் பிரட்டினால், ஆட்டுக்கறி வாங்க முடியாத ஞாயிற்றுக்கிழமையும் மணக்கும். பிள்ளைகளை மட்டும் ஏமாற்ற முடியாது. எலும்பு எங்கே என்று கேட்பார்கள்! பழுத்த பலாவின் கொட்டை முருங்கைக்காய்க் குழம்புக்கு ஆகும். புளி தீர்ந்த நாளில், மலாய்க்காரர் பிளிம்பிங் என்று சொல்லும் புளிப்புக் காயைக் கீறி நெத்திலிக் கருவாட்டோடு போட்டோம். அதையும், செராய்த் தண்டை நசுக்கிக் குழம்பில் போடுவதையும் பக்கத்துக் கம்பத்துப் பெண்களிடந்தான் கற்றோம். நம் கறிவேப்பிலை அவர்கள் வீட்டுக்குப் போயிற்று. வேலி தாண்டிய கொத்துக்கு இருவரும் கணக்கு வைத்ததில்லை.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தில், பர்மா, சயாம் அரிசி அரிதானபோது நம் முன்னோரைத் தாங்கியது மரவள்ளிதான். அதிலும் கசப்பு வகையில் நஞ்சு உண்டு. தோலை உரித்து, நறுக்கி ஊறவைத்து, திறந்த பானையில் நன்றாக வேகவைத்து நீரை வடித்துக் கொட்டவேண்டும் என்பதை இளம்பெண்கள் பாட்டிமாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்கிறோம். மருந்து தெளித்த வெட்டுக்காட்டில் முளைத்த கீரையைப் பறிக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. மற்றக் களைக்கொல்லிகள் போய்விடவில்லை. காலி மருந்து டப்பாவில் தண்ணீர் பிடித்துச் செடிக்கு ஊற்றுவதையும் கண்டிருக்கிறோம். அந்தச் சிக்கனம் நமக்கு வேண்டாம்.

இந்த நிலம் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததா? இல்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே, குடும்பமுள்ள இந்தியத் தொழிலாளிக்குப் பயிரிட ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் விடவேண்டும் என்றது. ஏறக்குறைய 2,700 சதுர அடி. ஏட்டில் இருந்தது எல்லாத் தோட்டத்திலும் கிடைத்ததா என்பது வேறு கதை. கிடைத்த இடத்திலும் நிலம் நமதாகவில்லை. உழைப்பு மட்டுமே நமது.

தோட்டம் கைமாறும்போது ரப்பர் மரத்துக்கு விலை உண்டு, கட்டடத்துக்கு விலை உண்டு. நாம் வைத்த பலா எந்தக் கணக்கில் வருகிறது? லயத்தைக் காலிசெய்து ஐந்தாம் மாடிக்குப் போன ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போயிருந்தோம். எண்ணெய்த் தகரத்தில் கறிவேப்பிலைக் கன்றை வைத்துச் சன்னலோரம் நிறுத்தியிருந்தார். இலை மஞ்சளித்திருந்தது. “வெயில் இந்தப் பக்கம் வராது ஐயா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே, மாற்று வீடு பற்றிப் பேச்சு வரும்போது ‘எத்தனை அறை’ என்பதோடு நிற்காதீர்கள். மண்ணோடு கூடிய வீடு கேளுங்கள். காய்க்கும் மரங்களை எண்ணி எழுதிக் கொடுத்து ஈடு கேளுங்கள். மாதர்களும் அந்தப் பேச்சில் உட்காரவேண்டும்; எத்தனை மரம், எது காய்ப்பு என்று ஆண்களுக்குச் சரியாகத் தெரியாது. கோபிக்கவேண்டாம், தோழர்களே!

முருங்கை கொம்பில் வரும். கறிவேப்பிலையை வேரில் முளைத்த கன்றோடு பெயர்க்கலாம். பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது. தின்ற கையோடு ஊன்றவேண்டும். வாசலில் முருங்கைக் கொம்பு வெட்டிக் கட்டி வைத்திருக்கிறோம். போகும்போது வீட்டுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.