இளவரசியின் வினா

கையை உயர்த்தவேண்டுமென மனம் எண்ணுகின்றது, கை உயர்கின்றது. இதனினும் எளிய நிகழ்ச்சி வேறொன்றில்லை என்றே தோன்றும். ஆயினும், எண்ணத்திற்கு நிறையுமில்லை, நீளமுமில்லை. கையோ என்பும் தசையும் உடையது. நிறையற்ற எண்ணம் நிறையுள்ள கையை எவ்வாறு அசைக்கின்றது?

இவ்வினாவை மிகத் தெளிவாக எழுப்பியவர் 24 வயதுடைய ஓர் இளவரசி. பொகீமிய நாட்டின் முடியை 1620 இல் இழந்த பிரெடரிக் மன்னனின் மகளாகிய எலிசபெத், ஒல்லாந்து தேசத்து ஹேக் நகரிலே நாடிழந்த குடும்பத்தினருடன் வாழ்ந்துவந்தார். பிரான்சிய தத்துவஞானியாகிய டேக்கார்ட் 1641 இல் வெளியிட்ட நூலை அவர் கற்றார். சிந்திப்பதே ஆன்மாவின் இயல்பு, இடத்தை அடைத்து நிற்பதே சடத்தின் இயல்பு, இரண்டும் முற்றிலும் வேறானவை என்பது அந்நூலின் துணிபு.

1643 மே மாதத்தில் எலிசபெத் அவருக்கு ஒரு கடிதம் வரைந்தார். ஒன்றைத் தள்ளுவதற்கு அதனைத் தொடவேண்டும். தொடுவதற்குப் பரப்பு வேண்டும். பரப்பே இல்லாத ஆன்மா உடலை இயக்குவது எங்ஙனம் என்று அவர் வினவினார்.

டேக்கார்ட் கல்லின் பாரத்தை உவமையாகக் காட்டினார். பாரம் கல்லைத் தொட்டுத் தள்ளாமலே கீழ்நோக்கிச் செலுத்துவதாக மக்கள் கருதுகின்றனர் அன்றோ என்றார். இளவரசி அதனால் அமைதியடையவில்லை. சடமல்லாதது சடத்தை இயக்குமென்று கொள்வதைக் காட்டிலும், ஆன்மாவுக்கே சடத்தன்மை உண்டென ஒப்புவது தமக்கு எளிதென மறுமொழி விடுத்தார். உயிரும் உடலும் ஒன்றியிருத்தல் ஆழ்ந்த ஆராய்ச்சியினால் அன்று, அன்றாட வாழ்வினாலேயே விளங்கும் என்று டேக்கார்ட் பின்னர் எழுதினார்.

அன்றாட வாழ்வோ இளவரசிக்கு அவ்வினாவையே மேலும் கடுமையாக்கியது. 1645 இல் மெல்லிய காய்ச்சலும் வறட்டிருமலும் அவரை வருத்தின. அத்தகைய காய்ச்சலுக்குப் பெரும்பாலும் துயரமே காரணமென டேக்கார்ட் எழுதினார். உள்ளத்தின் துன்பத்தைத் தம் உடல் எளிதிற் பற்றிக்கொள்வதை எலிசபெத்தும் ஒப்புக்கொண்டார். ஏட்டில் எழுந்த வினா இப்பொழுது அவருடைய உடம்பிலேயே நின்றது.

1649 இல் டேக்கார்ட் வெளியிட்ட நூல், மூளையின் நடுவேயுள்ள சிறு சுரப்பியே ஆன்மாவின் தலையாய இருப்பிடம் என்றது. அச்சுரப்பி உறக்கத்தை ஒழுங்குபடுத்த உதவும் மெலற்றோனின் என்னும் பொருளைச் சுரப்பது என்பதை இன்றைய விஞ்ஞானம் அறியும். நோவு உண்டாகும்போது மூளையின் எப்பகுதிகள் தொழிற்படுகின்றன என்பதையும் கருவிகள் காட்டுகின்றன. ஆனால், அத்தொழிற்பாடு ஏன் நோவாக உணரப்படுகின்றது என்பதற்கு அறிஞர் அனைவரும் ஏற்கும் விடை இன்னும் கிட்டவில்லை. எங்கே நிகழ்கின்றது என்று காட்டுவது, எவ்வாறு உணர்வாகின்றது என்று விளக்குவதாகாது.

எலிசபெத் 1680 இல் காலமானார். அவருடைய கடிதங்கள் 1879 இலேயே அச்சேறின. மூளையை ஆராய்வோர் முன்னே அவர் தொடுத்த வினா இன்றும் நிற்கின்றது. பெயரளவான விடையை விடையென ஏற்க மறுத்த அவருடைய நேர்மையும் அதனோடு கூடவே நிற்கின்றது.