மாதிரியாக அமரும் பிள்ளையின் உரிமை



ஓவிய வகுப்பில் ஒரு மாணவியை நாற்காலியில் அமரச் சொல்லி, மற்றவர்களை வரையச் சொல்கிறோம். நல்ல பயிற்சிதான். அந்தப் படம் பிறகு கண்காட்சிக்குப் போகிறது. ஆண்டு மலரின் அட்டையில் வருகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. படம் யாருடையது? அதிலுள்ள முகம் யாருடையது?

இரண்டுக்கும் விடை வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியத்தின் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவருக்கே உரியது. மாதிரியாக அமர்ந்தவருக்கு அதில் பங்கில்லை. ஒருவர் பணம் கொடுத்து உருவப்படம் வரையச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், உரிமை பணம் கொடுத்தவரைச் சேரும். வகுப்பில் மாணவர் வரைந்த படத்துக்கு அந்த மாணவரே உரிமையாளர். அதை அச்சிடும்போது அவரிடம் கேட்க வேண்டும்; அவர் பெயரையும் போட வேண்டும்.

முகத்தின் நிலை வேறு. அந்தரங்க உரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. 18 வயது நிறையாதவரின் தகவல்களை எண்ம வடிவில் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை உறுதிசெய்து பெற வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொது விதி. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, சிறுவரோடு செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே, பிள்ளை தலையசைத்தது மட்டும் அனுமதி ஆகிவிடாது.

மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்க்கிறோம். வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி என்று பாடம் நடத்துகிறோம். அவருக்காக அசையாமல் நின்றவர்களை எத்தனை பேர் நினைக்கிறோம்? அவர்களாவது பெரியவர்கள். கூலி, நேரம், ஓய்வு எல்லாவற்றையும் பெரியவர்கள் பேசிக்கொள்ள முடியும். நம் வகுப்பில், "முடியாது சார்" என்று சொல்லும் துணிவு எத்தனை பிள்ளைகளுக்கு உண்டு?

அதனால்தான் சொல்கிறேன்: ஒரு தாளில் நான்கு வரிகள் போதும். எந்தப் படம், எதற்காக, எங்கே வெளியாகும், எவ்வளவு காலம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கண்காட்சிக்குக் கொடுத்த அனுமதி அட்டைப்படத்துக்குப் பொருந்தாது. அதைத் தனியே கேளுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள், வகுப்பு முன்னால் அல்ல, தனியாக. மறுத்தால் காரணம் கேட்காதீர்கள்.

"அப்படியானால் யாரை வரைவது?" என்று கேட்பீர்கள். குடம் இருக்கிறது, மிதிவண்டி இருக்கிறது, அவரவர் இடது கை இருக்கிறது. என் வகுப்பில் பல நாள் நானே நாற்காலியில் அமர்கிறேன். என் மூக்கைப் பெரிதாக வரைந்துவிட்டுச் சிரிப்பார்கள். அரை மணி நேரம் அசையாமல் பலர் பார்வைக்கு நடுவே இருப்பது எப்படி என்று அப்போதுதான் தெரியும். நீங்களும் ஒருநாள் அமர்ந்து பாருங்கள். பிறகு அனுமதி கேட்பது தானாக வரும்.