கதை அளக்கிறதுன்னா என்ன?

(நம்ம குடியிருப்புப் பொங்கல் விழாவில் பேசியது)

போன பொதுக்குழுவுல நம்ம பொருளாளர் மோட்டார் ரிப்பேர் கணக்கை வாசிக்கும்போது, "சும்மா கதை அளக்காதீங்க"ன்னு ஒரு குரல் வந்துச்சே, அது என்னோடதுதான்.

சின்ன வயசுல களத்துல நெல் அளக்கிறதைப் பார்த்திருக்கேன். 8 படி ஒரு மரக்கால். அளக்கிறவர் சத்தமா எண்ணுவார். முதல் மரக்காலுக்கு 'ஒண்ணு'ன்னு சொல்லமாட்டார், 'லாபம்'னுதான் சொல்வார்! அப்புறம் ரெண்டு, மூணு. தலை தட்டி அளந்தா ஒரு கணக்கு, குவிச்சு அளந்தா வேற கணக்கு. அதனால சுத்தி நிக்கிறவங்க கண்ணெல்லாம் மரக்கால் மேலேயே இருக்கும்.

நெல்லு எவ்வளவு இருந்தாலும் பொழுது சாயறதுக்குள்ள அளந்து தீர்ந்துடும். கதைக்கு ஏது குவியல்? அளந்துக்கிட்டே இருக்கலாம், யாரும் சரிபார்க்க முடியாது. அதுலதான் இந்தக் கிண்டல் பிறந்திருக்கணும்னு எனக்குத் தோணுது. 'அளப்பு'ன்னாலே வெட்டிப் பேச்சுன்னு ஆயிடுச்சு.

ஆனா அன்னைக்கு அவங்க ஒவ்வொரு ரசீதா எடுத்துக் காட்டி, சத்தமா வாசிச்சாங்க. அது நெல் அளக்கிறது. நான்தான் பார்க்காம பேசிட்டேன். மறுநாளே ராஜினாமா கடிதம் கொடுத்துட்டாங்க.

மேடம், முன் வரிசையிலதான் இருக்கீங்க. ரசீதெல்லாம் நேத்து உட்கார்ந்து பார்த்தேன், சரியா இருக்கு. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கோங்க.