வண்டிக் கடன் கேட்டு வரும்போது



இரு சக்கர வண்டியில் பாதுகாப்பாகப் போவது பற்றிப் பேசச் சொன்னாங்க. "பாத்துப் போம்மா" என்று வீட்டில் தினமும் சொல்றாங்க, அதையே மைக்கில் திருப்பிச் சொல்ல நான் வரலை. நம்ம தீர்மான நோட்டிலிருந்து தொடங்குறேன்.

குழுவில் கடன் வாங்கி வண்டி எடுக்கிறவங்க இப்போ நிறைய. பிள்ளையார்பாளையத்திலிருந்து நெய்த சேலையைச் சங்கத்துக்குக் கொண்டு போகணும், பிள்ளையைப் பள்ளியில் விடணும், ஒரகடம் கம்பெனி பஸ்ஸை விடிகாலையில் பிடிக்கணும். கடன் கேட்டு வருகிறவரிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: தவணை ஒழுங்கா கட்டிடுவியா? லைசென்ஸ் இருக்கா, வண்டி யார் பேரில் பதிவாகப் போகுது என்று கேட்பதே இல்லை.

பேர் எதுக்கு என்று கேட்பீங்க. வண்டியின் உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்க ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கு. அது உரிமையாளருக்கானது, அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸும் இருக்கணும். கடன் நம்ம பேரில், வண்டி வீட்டுக்காரர் பேரில், தினமும் ஓட்டுவது நாம் என்றால், நமக்கு ஒன்று ஆனால் அந்தப் பணம் வரும் என்று நம்பி இருக்க முடியாது. கடன் மட்டும் குழுக் கணக்கில் நிற்கும். பின்னால் உட்காருகிறவருக்கும், சட்டத்துக்காக எடுக்கிற குறைந்தபட்ச பாலிசி போதாது. தனியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்கணும். 2018-இல் அரசு கொண்டு வந்த அம்மா இரு சக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தாங்க. மானியத்தோடு லைசென்ஸும் கேட்டாங்க. அரசு கேட்டதை நாமும் கேட்டால் தப்பில்லை.

அடுத்தது சேலை. பட்டு நெய்கிற ஊர்க்காரங்க நமக்குச் சேலையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனா கல்யாணத்துக்குப் பட்டு கட்டிக்கொண்டு ஒரு பக்கமா உட்காரும்போது, வழுக்கிற முந்தானை எங்கே தொங்குது என்று பார்க்கிறோமா? சக்கரத்தில் ஒரு சுற்று சுற்றினால் போதும், ஆளையே இழுத்துப் போட்டுடும். 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி நமக்காகவே எழுதின மாதிரி இருக்கும். பின்னால் இருப்பவர் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்கணும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கணும், கால் வைக்க இடம் இருக்கணும். நம்ம பசங்க அழகு கெடுதுன்னு அந்த சாரி கார்டைத்தான் முதலில் கழற்றி வீசுறாங்க! திரும்ப மாட்டச் சொல்லுங்க. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுங்க, துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போடுங்க. முடிந்தவங்க இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்க. யாராவது சிரித்தால் சிரித்துட்டுப் போகட்டும்.

ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். கொண்டை, பூ எல்லாம் இடிக்குதுன்னு சொல்றாங்க. பூவைப் பையில் வைத்து, கோயில் வாசலில் இறங்கி வைத்துக்கொண்டால் வரதராஜர் கோபிக்க மாட்டார். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்க, தாடைப் பட்டையை மாட்டுங்க. மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னே பறந்துடும். நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் உண்டு. அதற்குக் கீழே என்றால் ஹெல்மெட்டோடு பிள்ளையை ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட்டும் வேணும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பத்தாவது படிக்கிற பையனிடம் சாவி கொடுத்து "கடைக்குப் போய்ட்டு வாடா" என்பவங்களுக்கு ஒரு வார்த்தை. 18 வயது ஆகாதவன் ஓட்டி விபத்தானால், 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம்.

என் கோரிக்கை இதுதான். இனி வண்டிக் கடன் தீர்மானம் எழுதும்போது லைசென்ஸ் நம்பர், வண்டி யார் பேரில், இரண்டு ஹெல்மெட்டுக்கான தொகை மூன்றையும் அதிலேயே எழுதுவோம். ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவங்க அடுத்த கூட்டத்துக்கு ஆர்.சி. புத்தகத்தையும் இன்ஷூரன்ஸ் தாளையும் பையில் போட்டு எடுத்து வாங்க. பேர் எங்கே இருக்கு, தேதி எப்போ முடியுது என்று உட்கார்ந்து பார்த்துடலாம்.