போக்குவரத்துத் திட்டப் படிப்பும் நம் ஊர்ப் பிள்ளைகளும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சிக் கூட்டம் ஒன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



எங்கள் ஊருக்குப் பேருந்து வேண்டும் என்னும் மனு நம் கிராம சபைகளுக்குப் புதியதன்று. அதில் கையொப்பங்கள் நிறைய இருக்கும். எந்த நேரத்தில், எத்தனை பேர், எங்கே போகிறார்கள் என்னும் கணக்குத்தான் இராது. அக்கணக்கை எடுக்கவும், அதைக் கொண்டு சாலையும் வழித்தடமும் வகுக்கவும் கற்பிக்கும் முதுநிலைப் படிப்பு ஒன்று உண்டு. போக்குவரத்துத் திட்டமிடல், போக்குவரத்துப் பொறியியல் என்னும் பெயர்களில் அது நடைபெறுகிறது.

பட்டணத்துக்கு உரிய படிப்பு என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். ஊர்ப்புறச் சாலைகளின் கொள்ளளவு பற்றி இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990 இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஒரு காரை 1 என்று கொண்டு, மிதிவண்டிக்கு 0.5, பேருந்துக்கு 3, இழுவைப் பெட்டி பூட்டிய டிராக்டருக்கு 4.5, மாட்டு வண்டிக்கு 8 என அது மதிப்பிடுகிறது. ஒரு வண்டி மற்ற வண்டிகளுக்கு உண்டாக்கும் தடையை அளக்கும் கணக்கு இது. கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து வரும் வண்டிகளைக் கண்ட உழவருக்கு இதை யாரும் விளக்க வேண்டுவதில்லை!

படிப்பு இரண்டு ஆண்டு, நான்கு பருவம். ஓரிடத்தில் எத்தனை பயணங்கள் பிறக்கின்றன, அவை எங்கே சேருகின்றன, எந்த ஊர்தியில், எந்தப் பாதையில் என்னும் நான்கு கேள்விகளே இதன் அடிப்படை. இறுதியில் ஆய்வேடு எழுத வேண்டும்.

சேரும் தகுதியைச் சொல்கிறேன். திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகம், சென்னை ஐ.ஐ.டி., கிண்டிப் பொறியியற் கல்லூரி ஆகியவற்றில் இப்படிப்பு உண்டு. சிவில் பொறியியற் பட்டமே இதன் வாயில். திருச்சி போன்ற தேசியக் கழகங்களில் பொதுப் பிரிவினர்க்கு 60 விழுக்காடு மதிப்பெண்ணும், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர்க்கு 55 விழுக்காடும் வேண்டும். அதனோடு 'கேட்' தேர்வும் எழுதியிருத்தல் வேண்டும். அத்தேர்வை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கேட் வழியே சேரும் முழுநேர மாணவர்க்கு மாதம் ரூ. 12,400 உதவித்தொகை உண்டு என்பதைப் பெற்றோர்க்கு மறவாமல் சொல்லுங்கள். டெல்லியிலுள்ள திட்டமிடல், கட்டடக் கலைப் பள்ளியின் போக்குவரத்துத் திட்டமிடல் படிப்புக்குக் கட்டடக்கலைப் பட்டதாரிகளும் திட்டமிடல் பட்டதாரிகளும்கூட விண்ணப்பிக்கலாம். விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலால் அவ்வாண்டு அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும்.

ஆனால் என் கருத்தில், இவ்வாயில் திறப்பதும் அடைபடுவதும் பத்தாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடையிலேதான். மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்தால் பொறியியலுக்குச் செல்லலாம். தமிழ்நாட்டில் அதற்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, மற்ற இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது என 200க்குக் கணக்கிடுகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு 2021 ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு இடம் உண்டு. அவ்விடம் பெற்றவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மேல்நிலைக்குப் போகாமல் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு சிவில் டிப்ளமா முடித்தவர், பொறியியலில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கைத்தொழிலும் கூடவே கிடைப்பதால், வசதி குறைந்த வீட்டுக்கு இந்த இரண்டாவது வழியையே நான் முதலில் கூறுவேன்.

ஆகவே, இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதும் பிள்ளைகளின் பெயர்களைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள். பெண் பிள்ளைகளின் பெயர்கள் விடுபட வேண்டாம். அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் கணிதப் பிரிவு இல்லையெனில், அப்பள்ளியின் பெயரை ஒரு தாளில் எழுதி, இன்று கூட்டம் கலைவதற்குள் என்னிடம் தாருங்கள்.