வரையுமுன் வினவுதல்
(சங்க ஆண்டு விழாவிற் பேசியது)



நம் சமூகத்து இளைஞர் சிலர் நகரமைப்புக் கலை பயிலப் புகுந்திருக்கின்றனர். இலக்கணம் கற்பிக்கும் எமக்கு அக்கலையில் என்ன வேலை என நகைப்பாரும் உளர்; நகைக்கட்டும்.

பாட்ரிக் கெடிஸ் என்பார் 1854-ல் ஸ்காத்லாந்தில் பிறந்த உயிர்நூற் புலவர். படம் வரையுமுன் நகரை ஆராய்க என்பதே அவர் கற்பித்த முதற்பாடம். 1914-ல் அவர் திரட்டிய நகரப் படங்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது; சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன்தான்! அவர் சோர்ந்திலர். வேறு படங்கள் தருவித்து, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துச் செனெட் மண்டபத்தில் காட்சி நடத்தினார்.

பின்னர்த் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களை ஆராய்ந்தார். நெருக்கமான குடியிருப்பை இடித்து நேரான பெருவீதி போடுதலே அக்காலத்து அதிகாரிகள் விரும்பிய வழி. வீடிழந்த ஏழைகள் எங்குச் செல்வர்? அடுத்த சந்திற் போய் நெருங்குவர். நெருக்கம் இடம் மாறுமேயன்றி ஒழியாது. கெடிஸோ சந்துதோறும் நடந்தார். உறுதியான வீடு எது, பாழ்மனை எது, கிணறு எங்கே, மரம் எங்கே என நோக்கினார். பாழ்மனைகளை அகற்றினாலே வழியும் வெளியும் கிடைக்கும். குடிகள் தத்தம் வீட்டிலேயே வாழலாம் எனக் காட்டினார். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து ஆராய்தல் அவர் முறை. நோயின் காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்க என்னும் வள்ளுவர் கருத்தை இஃது ஒக்கும்.

நிற்க. நம் சங்க விடுதி விஷயத்தில் யாமே பிழை செய்தோம். நாற்பது அறைகட்குப் படம் எழுதுவித்தோம். தங்குவோர் யாவர் என ஒருவரையும் வினவினோமில்லை. சென்ற திங்கள் எம் பழைய மாணவி ஒருத்தி குறிப்பேட்டுடன் முப்பது வீடுகட்குச் சென்று வந்தாள். விடுதி வேண்டுமென்றோருள் பெரும்பாலார் பெண்மக்களைப் பெற்றோர். எம் படத்திலோ பெண்மக்கட்கு ஓரறையும் இல்லை! அக்குறிப்பேட்டைப் படித்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

இந்நாளில் விண்ணிலிருந்தே ஊரைப் படமெடுக்கின்றனர். அப்படம் கூரையைக் காட்டும். கூரையின்கீழ் எத்தனை அடுப்பு எரிகின்றது என்பதைக் காட்டாது. முப்பது வீட்டுக் கணக்கும் போதாது. தூரத்துக் கிராமங்களிலுள்ள நம்மவரை அவள் இன்னும் கண்டிலள்.

ஆதலின் அடிக்கல் நாட்டுதலை மூன்று திங்கள் ஒத்திவைக்குமாறும், அவளுடன் இளைஞர் அறுவரை அனுப்புமாறும் இப்பேரவையை வேண்டுகின்றோம். வினாப்பட்டியலை எழுதிக் கொணர்ந்துள்ளோம். விழா முடிந்ததும் வாசலில் பெற்றுக்கொள்ளலாம்.