பள்ளியும் பூங்காவும்
(லேக் மார்க்கெட் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பள்ளிக்கூடம் கட்டப்போகிறோம் என்று ஒருவர் சொன்னால், அதை மறுத்துப் பேசத் தமிழருக்கு நா எழுவதில்லை. பிழைப்பைத் தேடி ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள இந்த வங்க நாட்டிற்கு வந்த நம் முன்னோர், கையில் நாலு காசு சேருமுன்பே பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் கவலை கொண்டார்கள். அப்படியிருக்க, "எங்கள் பூங்காவில் பள்ளி வேண்டா" என்று வழக்காடியவர்களுக்காக நாம் இன்று பரிந்து பேசப் புகுந்திருப்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். செய்தியை முழுதும் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள்.

தில்லி மாநகரில் சரிதா விகார் என்றொரு குடியிருப்பு உண்டு. அங்கே பூங்காவிற்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலத்தில் ஒரு பகுதியை, மழலையர் பள்ளி நடத்துவதற்காகத் தில்லி வளர்ச்சி ஆணையம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. பள்ளியும் நடக்கத் தொடங்கிற்று. குடியிருப்போர் சிலர் இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 1995-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. பூங்கா நிலத்தைக் கூறுபோட்டுக் கொடுத்தது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகும் என்று கூறி, அந்த ஒதுக்கீட்டை நீதிமன்றம் நீக்கிவிட்டது.

அத்தீர்ப்பில் நம் மனத்தைத் தொட்டவை இரண்டு. பள்ளியை மறுநாளே மூடச் சொல்லவில்லை. வேறிடம் தேடிக்கொள்ள ஆறு மாதத் தவணை கொடுத்தனர். படித்துக்கொண்டிருக்கும் குழந்தைகள் திடீரென்று இடருக்கு ஆளாகக் கூடாது என்பதே காரணம். பெரியவர்கள் செய்த பிழைக்குச் சிறுவர்களை வருத்தாத அந்தக் கனிவு போற்றத்தக்கது. மற்றொன்று, இத்தகைய முறைகேடுகளில் கட்டடம் இடிபடுகிறதேயன்றி, அதற்கு இடங்கொடுத்த அதிகாரிகள் யாதொரு தண்டனையுமின்றித் தப்பிவிடுகின்றனர் என்று நீதிபதிகள் மனம் நொந்து எழுதியது. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் இது புதுச் செய்தி அன்று போலும்!

"பூங்கா என்பது வெறும் புல்தரைதானே? அங்கே நூறு பிள்ளைகள் படித்தால் நன்மைதானே?" என்று கேட்பாரும் உளர். பள்ளி நன்மைதான், அதில் ஐயமில்லை. ஆயினும், பள்ளியின் வாயில் இடம் கிடைத்தவர்க்கும் கட்டணம் செலுத்தியவர்க்குமே திறக்கும். மழலையர் வகுப்பின் விண்ணப்பத் தாளுக்கே நாம் வரிசையில் நின்ற கதையை இங்குள்ள தாய்மார் அறிவர். பூங்காவோ யாரையும் பெயர் கேட்பதில்லை. ஓய்வு பெற்ற முதியவர், மூட்டைத் தூக்கிக் களைத்த தொழிலாளி, மாடிப்படியில் பந்தடித்து ஏச்சு வாங்கும் சிறுவன் ஆகிய அனைவரும் அங்கே சமம். பள்ளியை வேறு மனையில் எழுப்பலாம். நாற்புறமும் வீடுகள் நெருங்கிவிட்ட ஊரில் புதிதாக ஒரு பூங்காவை எங்கே போய் உண்டாக்குவது?

பெங்களூரிலும் இத்தகைய வழக்கு ஒன்று நடந்தது. அங்கே ராஜமகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவிற்கென வைத்திருந்த இடத்தை மருத்துவமனைக்கு அளித்தனர். மருத்துவமனையும் பொதுநலந்தானே என்ற வாதம் எழுந்தது. 1991-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. அக்கம்பக்கத்தில் குடியிருப்போர்க்கு வழக்காட உரிமையுண்டு என்பதையும் உறுதி செய்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி அரியானாவின் தானேசர் நகரத்தது. நகரமைப்புத் திட்டத்தின்படி திறந்தவெளியாக இருக்கவேண்டிய நகராட்சி நிலத்தை ஒரு சபைக்குக் குத்தகைக்குக் கொடுத்தனர். சபை அங்கே தர்மசாலை கட்டிற்று. நம்மைப் போன்ற ஒரு சங்கம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கட்டியதும் தருமத்திற்காகத்தான். ஆயினும் 1994-இல் உச்ச நீதிமன்றம் அக்கட்டடத்தை அகற்ற ஆணையிட்டது. தூய காற்றும் நலமான சூழலும் வாழும் உரிமையில் அடங்கியவை என்று அத்தீர்ப்பு விளக்குகிறது. தருமத்தின் பெயரால் செய்தாலும் பிறர் பங்கை எடுப்பது எடுப்பதுதான்.

இனி நம் வாசலுக்கு வருவோம். காலையில் நாம் உலாவும் ரவீந்திர சரோவரம் இயற்கையாக வாய்த்த ஏரியன்று. 1920-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கல்கத்தா நகர மேம்பாட்டு அறக்கட்டளை இப்பகுதியில் ஏறக்குறைய 192 ஏக்கர் நிலத்தை எடுத்தது. தாழ்ந்த நிலத்தை மேடாக்கி, சாலை வகுத்து, ஏரி வெட்டியது. நீர்ப்பரப்பு மட்டும் சுமார் 73 ஏக்கர். நாம் குடியிருக்கும் மேடும், நாம் காற்று வாங்கும் பள்ளமும் ஒரே நகராக்கத்தின் இரு பாதிகள். 1958-இல் தாகூரின் பெயரைச் சூட்டினர்.

இந்த ஏரிக்கும் சோதனை வந்ததுண்டு. சத் பூசை நாளில் ஏரியில் இறங்கி வழிபடத் தடை விதிக்கப்பட்டது. நீர் மாசுபடும் என்பதே காரணம். 2019-இல் தடையை மீறி, வாயிற்பூட்டை உடைத்து மக்கள் உள்ளே நுழைந்தனர். 2020-இல் உச்ச நீதிமன்றமும் அனுமதி மறுத்தது. வழிபாட்டிற்கு வேறு படித்துறைகள் அமைக்கப்பட்டன. வழிபட வந்தோரை நாம் இகழலாகாது. அவர்களுள் பலர் நம்மைப் போலவே வெளியூரிலிருந்து வந்து இந்நகரை வீடாக்கிக்கொண்டவர்கள். ஊர்வழக்கத்தை விடமுடியாத ஏக்கத்தை நாம் அறிவோம். வேறு துறை கிடைத்தபின் பூசையும் நடந்தது, ஏரியும் பிழைத்தது.

இவ்வளவும் நாம் சொல்லவந்தது, வெளியாரைக் குறைகூற அன்று. நாளைக்கு நமக்கே ஒரு கட்டடமோ, பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் பள்ளியோ வேண்டுமென்று நாம் விண்ணப்பிக்கலாம். நல்ல மனமுடைய அதிகாரி ஒருவர், "பூங்காவின் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவும் கூடும். அப்பொழுதுதான் நமக்குச் சோதனை. நன்றி சொல்லிக் கையொப்பமிடுமுன், அந்த மனை நகர வரைபடத்தில் எதற்கென்று குறிக்கப்பட்டிருக்கிறது என்று நம் செயலாளர் கேட்கவேண்டும். பூங்கா என்று விடை வந்தால், வேறிடம் கேட்போம். அது அரைமணி நேரப் பயணத் தொலைவில் இருந்தாலும் பிள்ளைகளை நாமே அழைத்துச் செல்வோம். இதனைச் சங்கத்தின் தீர்மானமாகவே எழுதிவைக்கலாம் என்பது நம் வேண்டுகோள். அடுத்த பொதுக்குழுவில் எண்ணிப் பாருங்கள்.